பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்தவருக்கு விழும் அபாயத்தை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் அதை நாள்பட்ட நிலை என்கிறோம். அதற்குள் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள் ஓரளவு நடமாட ஆரம்பித்திருப்பார்கள். விழுவதும் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். படுத்தபடியே இருப்பவருக்கு விழ வாய்ப்பு குறைவு, தாராளமாக நடப்பவருக்கும் குறைவு. சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக பாத்ரூம் போய்வருகிற நடுத்தர ஆள்தான் அடிக்கடி விழுகிறார்.

பிசியோதெரபி மாணவர்களையும், வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருபவர்களையும், மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் களத்தில் இருப்பவர்களையும் நினைத்து எழுதியது இது. குடும்பத்தாருக்கு 1, 2, 7 ஆகிய பகுதிகள் நேரடியாகப் பயன்படும். நின்று நடக்க வைக்கும் சோதனைகளைப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு சோதனையைச் செய்து, ஒரு எண்ணை எழுதி, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். 'பெர்க் 41' (பெர்க் என்ற சமநிலைச் சோதனையில் 56க்கு 41) என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எதை மாற்றுவது? மதிப்பீடு முடியும்போது ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும்: இவர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்யும்போது, எந்தப் பக்கம் விழக்கூடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வாக்கியத்தை எழுதுவதற்காகத்தான்.

1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

பொருட்கள்: ஸ்டாப்வாட்ச் (போனில் இருப்பதே போதும்), இன்ச் டேப், தரையில் ஒட்ட கலர் டேப், கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று, கைப்பிடி இல்லாதது ஒன்று, பி.பி. கருவி, இடுப்பு பெல்ட், 30 செ.மீ. ஸ்கேல், சாதாரண மாடிப்படி உயரத்தில் ஒரு மரப்பெட்டி அல்லது ஸ்டெப், 10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாத உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழை), பேனா, தாள்.

நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. இருக்கட்டும். அளந்து எழுதி வையுங்கள். இருக்கை தாழ்ந்தால் எழுவது கடினம், நேரம் கூடும். அடுத்த முறை வேறு நாற்காலியில் சோதித்துவிட்டு 'முன்னேற்றம்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். ஒரு கைப்பிடியை மட்டும் ஊன்றி எழுபவருக்கு அது சாய்ந்துவிடும்.

வரும் நாளில் வழக்கமாக உடுத்தும் உடை, போடும் செருப்பு, ஏ.எஃப்.ஓ. (தொங்கும் பாதத்தைத் தாங்கக் கணுக்காலில் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கி) இருந்தால் அது, கைத்தடி, மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டு மட்டும் போதாது. சீட்டில் இருப்பது ஒன்று, உண்மையில் விழுங்குவது வேறு என்பது சாதாரணம்.

சோதனையின்போது நீங்கள் நிற்க வேண்டிய இடம் பாதித்த பக்கம், அரை அடி பின்னால், ஒரு கை இடுப்பு பெல்ட்டில். பாதித்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அந்தத் தோள்மூட்டு தளர்ந்திருக்கும், ஒரு இழுப்பில் பல மாத வலி வந்துவிடும். நேரம் பார்க்க இன்னொருவர் இருந்தால் நல்லது.

அன்றைக்கு நெஞ்சுவலி, புதிதாகத் தலைசுற்றல், காய்ச்சல் இருந்தாலோ, ஓய்வில் பி.பி. 180/110க்கு மேல் இருந்தாலோ நிற்க வைக்கும் சோதனைகளைத் தள்ளிப்போடுங்கள்.

2. விழுந்த கதையை முதலில் கேளுங்கள்

எழுந்து நிற்கச் சொல்வதற்கு முன் இதை முடிக்க வேண்டும். இனி விழுவாரா என்பதற்கு இதுவரை விழுந்தாரா என்பதை விட நல்ல அறிகுறி எந்த ஒற்றைச் சோதனையிலும் இல்லை. மேலும், எந்த அசைவில் விழுகிறார் என்பது முன்னமே தெரிந்தால், சோதனையில் எங்கே கூர்ந்து பார்ப்பது, எங்கே பெல்ட்டை இறுகப் பிடிப்பது என்பதும் தெரியும்.

"விழுந்தீங்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். வெட்கம், 'இனி தனியா நடக்க விடமாட்டாங்க' என்ற பயம், மறதி எல்லாம் அதில் கலந்திருக்கும். அதோடு, எது விழுந்த கணக்கு என்பதிலும் ஆளுக்கொரு எண்ணம். அடிபட்டால்தான் விழுந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நாம் வைத்துக்கொள்ளும் வரையறை: தன் எண்ணமில்லாமல் தரையிலோ, தான் இருந்ததை விடத் தாழ்ந்த வேறு இடத்திலோ போய்ச் சேர்ந்தால் அது விழுதல். "விழலை தம்பி, கட்டில்லேர்ந்து சும்மா அப்படியே தரைல உக்காந்துட்டேன்" என்பதும் இந்தக் கணக்கில் வரும்.

ஆகவே கேள்வியை உடைத்துக் கேளுங்கள்:

"கால் வழுக்கிச்சா? மடங்கிச்சா?"
"தடுமாறி சுவரையோ கதவையோ பிடிச்சது உண்டா?"
"தரையில உட்கார்ந்தபடி யாரையாவது கூப்பிட்டீங்களா?"
"ராத்திரி எழுந்திருக்கும்போது எப்படி இருக்கு?"

தடுமாறிப் பிடித்துக்கொண்டதையும் தனியாக எண்ணுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஆறு விவரம் வேண்டும்: இடம், நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எந்தப் பக்கம் சாய்ந்தார், காலில் என்ன போட்டிருந்தார், எப்படி எழுந்தார். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாக எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவரை, அடிபடாவிட்டாலும், அதிக அபாயப் பட்டியலில் வைக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்கு முந்தையது யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. "போன தீபாவளிக்கு அப்புறம்", "பொங்கலுக்கு முன்னாடி" என்று பண்டிகையை வைத்துக் கேட்டால் ஓரளவு சரியாக வரும். கூட இருப்பவரைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். பக்கத்தில் மருமகள் நிற்கும்போது மாமனார் சொல்வதும், அவர் நகர்ந்த பின் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

பேச்சு பாதித்தவரிடம் முதலில் அவருடைய ஆம்-இல்லை நம்பத் தகுந்ததா என்று சோதியுங்கள். "இப்ப ராத்திரியா?", "நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?" போன்று விடை தெரிந்த நான்கைந்து கேள்விகள் போதும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அந்த 'ஆம்' செல்லாது. வீட்டாரிடம்தான் கதை வாங்க வேண்டும்.

"விழவே இல்லை" என்ற பதிலுக்கு ஒரு துணைக் கேள்வி உண்டு: "ஒரு நாளில் எத்தனை தடவை தனியா எழுந்து நடக்கிறார்?" "நாங்க எந்திரிக்கவே விடமாட்டோம்" என்று வீட்டில் சொன்னால், அவர் விழாததற்குக் காரணம் அவருடைய சமநிலை அல்ல. என்றைக்காவது வீட்டில் யாரும் இல்லாதபோது முதல் முறையாக எழுவார்.

3. மாத்திரைகள், படுத்து எழும்போது பி.பி.

இதை நடைச் சோதனைகளுக்கு முன் செய்யக் காரணம் எளிது. நடந்து களைத்த பிறகு எடுக்கும் பி.பி. ஓய்வு நிலையைக் காட்டாது. எழுந்ததும் பி.பி. விழுகிறவர் என்று தெரியாமல் அவரை எழுந்து நடக்கச் சொல்வதும் ஆபத்து.

ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நின்ற 1வது நிமிடத்தில் ஒன்று, 3வது நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது குறிப்பிடத்தக்க வீழ்ச்சி. பாதிக்காத கையிலேயே மூன்று முறையும் எடுங்கள். உட்கார வைத்து எடுத்துவிட்டு உடனே நிற்கச் சொல்லி எடுப்பது வழக்கமான குறுக்குவழி, அதில் வீழ்ச்சி மறைந்துவிடும். மாத்திரை சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

மாத்திரைகளில் தேட வேண்டியவை: பி.பி. மாத்திரைகள், நீர் பிரிய வைப்பவை, புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், தூக்கத்துக்கான அல்பிரசோலம், சோல்பிடெம், வலிக்கோ மனச்சோர்வுக்கோ தரும் அமிட்ரிப்டிலின், தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், குளோபசாம். எதையும் நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது. எந்த நேரத்து மாத்திரைக்குப் பின் தள்ளாட்டம் கூடுகிறது என்று எழுதி மருத்துவரிடம் அனுப்புவதோடு நம் வேலை முடிகிறது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகுமரால் போன்றவை எடுப்பவரைத் தனியாகக் குறியுங்கள். அவை விழ வைப்பதில்லை, விழுந்தால் விளைவைப் பெரிதாக்குகின்றன. இரண்டும் வேறு கணக்கு.

4. உட்கார்ந்தபடி பார்க்க வேண்டியவை

பார்வையில் தொடங்குங்கள். எதிரே உட்கார்ந்து, உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லி, இரண்டு ஓரங்களிலிருந்தும் விரலை அசைத்துக் கொண்டுவாருங்கள். ஒரு பாதி தெரியாவிட்டால் அது பார்வைப் புல இழப்பு. அடுத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசையுங்கள். தனித்தனியாகக் காட்டினால் இரண்டையும் சொல்பவர், சேர்த்துக் காட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால், அங்கே கவனப் புறக்கணிப்பு இருக்கிறது. வலது மூளை பாதித்து இடது கை கால் போனவர்களிடம் இது அதிகம்.

இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. பார்வை இழந்தவருக்குத் தன் குறை தெரியும், தலையைத் திருப்பிச் சமாளிப்பார். புறக்கணிப்பு உள்ளவருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்காது. இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே போகும். சாப்பாட்டு இலையில் இடதோரம் வைத்த உப்பும் ஊறுகாயும் தொடாமல் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் பல நேரம் பதில் கிடைத்துவிடும். தாளில் உறுதி செய்ய, சிதறிக் கிடக்கும் சின்ன நட்சத்திரங்களைப் பேனாவால் கோடிட்டு அடிக்கும் சோதனை உண்டு: 54 சின்ன நட்சத்திரங்களில் 44க்குக் குறைவாக அடித்தால் புறக்கணிப்பைச் சந்தேகிக்கலாம். விட்டுப்போனவை எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள்.

அடுத்து பாதம். 10 கிராம் மோனோஃபிலமென்ட்டால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைப் பாருங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலே, கீழே அசைத்து எந்தத் திசை என்று கேளுங்கள். விரலின் மேலும் கீழும் பிடித்தால் அழுத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இந்த உணர்வு போனவருக்குச் செருப்பு கழன்றதே தெரியாது.

கணுக்காலை மேலே தூக்க முடிகிறதா, முழங்காலை நீட்டித் தாங்க முடிகிறதா, காலை இடுப்பிலிருந்து பக்கவாட்டில் விரிக்க முடிகிறதா என்பவற்றைச் சோதியுங்கள். கெண்டைக்காலை முதலில் மெதுவாகவும், பின் வேகமாகவும் நீட்டிப் பாருங்கள். மெதுவாக நீட்டும்போது போகிற பாதம் வேகமாக நீட்டும்போது பிடித்துக்கொண்டால், நடையிலும் அதேதான் நடக்கும்: பாதம் உள்பக்கம் திரும்பி விரல் தரையில் இடிக்கும்.

நினைவு, கவனம் ஆகியவற்றுக்கு மூன்று சொல் நினைவு, கடிகாரம் வரைதல் கொண்ட மினி-காக் போதும். பள்ளிக்கூடம் போகாதவருக்குக் கடிகாரம் வரைவது நியாயமான சோதனை அல்ல. அவரிடம் நேற்றுச் சாப்பிட்டது, இன்று எடுத்த மாத்திரை, வீட்டுக்கு வரும் வழி என்று கேட்டு, சரிதானா என்று கூட இருப்பவரிடம் ஒப்பிடுங்கள்.

5. நின்று, நடந்து பார்க்கும் சோதனைகள்

வரிசை: 10 மீட்டர் நடை, பிறகு டைம்டு அப் அண்ட் கோ, ஓய்வு, பெர்க் பேலன்ஸ் ஸ்கேல், ஓய்வு, கடைசியாக ஐந்து முறை உட்கார்ந்து எழுதல். தொடையைக் களைப்பாக்கும் சோதனையை முன்னால் வைத்தால் அதற்குப் பின் வரும் எல்லா நேரங்களும் கெட்டுப்போகும்.

*10 மீட்டர் நடை.* 14 மீட்டர் இடத்தில் நடுவிலுள்ள 10 மீட்டருக்கு மட்டும் நேரம் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள 2 மீட்டர் வேகம் எடுக்கவும் குறைக்கவும். வீட்டில் அவ்வளவு இடம் கிடைக்காது. 10 மீட்டர் இருந்தால் நடு 6 மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். மூன்று முறை, சராசரி. 6 மீட்டரை 12 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 0.5 மீட்டர். 0.4க்குக் கீழே இருப்பவர் வீட்டுக்குள் மட்டும் நடப்பவர், 0.4 முதல் 0.8 வரை வெளியே ஓரளவு, அதற்கு மேல் தெருவிலும் தாராளமாக நடப்பவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட பிரிவு. பக்கத்தில் சேர்ந்து நடக்கும்போது அவருக்கு முன்னால் போகாதீர்கள். உங்கள் வேகத்துக்கு அவர் இழுபடுவார்.

*டைம்டு அப் அண்ட் கோ.* முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க, "போங்க" என்றதும் எழுந்து 3 மீட்டர் நடந்து, கோட்டைத் தாண்டித் திரும்பி, வந்து உட்கார வேண்டும். வழக்கமான கைத்தடி, ஏ.எஃப்.ஓ. அனுமதி. நேரம் "போங்க" என்ற சொல்லில் தொடங்கி, பின்புறம் இருக்கையைத் தொடும்போது முடிகிறது. அவர் எழும்போது பட்டனை அழுத்தினால், எழத் தொடங்கவே அவர் தடுமாறிய விநாடிகள் காணாமல் போகும். வழக்கமான வேகத்தில் போகச் சொல்லுங்கள். "சீக்கிரம்" என்று சொன்னால் அது வேறு சோதனை. ஒருமுறை பழக்கிவிட்டு அடுத்ததற்கு நேரம் பாருங்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் 14 விநாடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சோதனையின் உண்மையான பயன் திரும்பும் இடத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினார், எத்தனை அடி வைத்தார், பாதித்த கால் தரையில் ஒட்டிக்கொண்டதா? தானாகவே எல்லோரும் வசதியான பக்கம்தான் திரும்புவார்கள். அதனால் மறுபக்கம் திரும்பச் சொல்லி இன்னொரு முறை செய்யுங்கள். வீட்டு பாத்ரூமில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அவர் தேர்ந்தெடுக்க முடியாது.

*பெர்க் பேலன்ஸ் ஸ்கேல்.* 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 56. சுமார் 20 நிமிடம் ஆகும். கைத்தடி கூடாது. நடக்கும் செயல் எதுவும் இதில் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, லேசாகத் தொட்டுத் தாங்கிவிட்டு முழு மதிப்பெண் போடுவது. இரண்டு, இரண்டு மதிப்பெண்ணுக்கு நடுவில் தயங்கும்போது தாராளமாக மேலே போடுவது. பொருந்துவதில் குறைந்ததைப் போட வேண்டும் என்பதே விதி. மூன்றாவது பக்கவாதத்துக்கே உரியது. ஒற்றைக்காலில் நிற்கும் செயலில் எந்தக் கால் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் நல்ல காலில்தான் நிற்பார்கள், 10 விநாடிக்கு மேல் நின்று 4 வாங்கிவிடுவார்கள். பாதித்த கால் அரை விநாடி தாங்காது என்பது எங்குமே பதிவாகாது. மதிப்பெண்ணை விதிப்படி போட்டுவிட்டு, பாதித்த காலில் எத்தனை விநாடி என்பதை ஓரத்தில் தனியாக எழுதுங்கள். ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நிற்பதிலும் எந்தக் கால் முன்னால் என்று குறியுங்கள்.

45 என்ற எல்லை முதியோரை வைத்து வந்தது. பக்கவாதம் வந்தவர்களிடம் செய்த ஆய்வுகளில் எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 46 எடுத்துவிட்டார் என்பதால் பாதுகாப்பானவர் என்று எழுதாதீர்கள். மொத்தத்தை விட எந்தச் செயலில் மதிப்பெண் போனது என்பதே பேசும்: முழுச் சுற்றுத் திரும்புதல், படியில் கால் மாற்றி வைத்தல், முன்பின் பாதம், ஒற்றைக்கால். அடுத்த முறை 2 மதிப்பெண் கூடியிருந்தால் அதை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டாம். 5 அளவுக்கு மாறினால்தான் நம்பலாம்.

56க்கு 52, 53 வாங்கியும் தெருவில் விழுகிறவர் உண்டு. அவருக்கு பெர்க் போதாது. 28 மதிப்பெண் கொண்ட மினி-பெஸ்ட் எடுங்கள். அதில் திடீரெனத் தள்ளாடும்போது காலை வைத்துச் சமாளிக்கிறாரா என்பதும் சோதிக்கப்படும். கூட ஆள் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

*ஐந்து முறை உட்கார்ந்து எழுதல்.* கையைக் கட்டிக்கொண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியில். பாதித்த கையை நல்ல கையால் பிடித்துக்கொள்ளலாம். நேரத்தோடு, எடை எந்தக் காலில் விழுகிறது, பாதித்த பாதம் முன்னால் நழுவுகிறதா என்று பாருங்கள். கையில்லாமல் எழவே முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று எழுதுங்கள். அதுவே ஒரு முடிவு.

6. நடக்கும்போது இன்னொரு வேலை

வீட்டில் யாரும் நடப்பதை மட்டும் செய்வதில்லை. பேசிக்கொண்டே நடக்கிறார்கள், டம்ளரை எடுத்துப்போகிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் நடையே மூளையின் கவனத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுவதால், இரண்டாவது வேலை வந்ததும் ஏதாவது ஒன்று தளர்கிறது.

முதலில் சாதாரணமாகப் பாருங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா? பிறகு டைம்டு அப் அண்ட் கோவையே, 50லிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்லியபடி செய்ய வையுங்கள். கணக்கு வராதவருக்குக் காய்கறிப் பெயர்கள், சொந்த ஊர் பஸ் நிறுத்தங்கள். பேச்சு பாதித்தவருக்கு நல்ல கையில் முக்கால் டம்ளர் தண்ணீர். கைத்தடி பிடிப்பவருக்கு இது பொருந்தாது. உட்கார்ந்தபடி அதே வேலையை எவ்வளவு செய்கிறார் என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால், நடையால் தடுமாறினாரா, கணக்கே வராதவரா என்று பிரிக்க முடியாது.

நேரம் கூடினால் அவர் பாதுகாப்புக்காக நடையை நிதானமாக்குகிறார். நேரம் மாறாமல் அடி தடுமாறினால் அது மோசம்.

7. வீட்டில் பார்க்க வேண்டியவை

கிளினிக்கில் ஷூவும் ஏ.எஃப்.ஓ.வும் போட்டு நன்றாக நடப்பவர் வீட்டு வாசலில் இரண்டையும் கழற்றிவிடுவார். நம் வீடுகளில் யாரும் உள்ளே செருப்போடு நடப்பதில்லை. ஆகவே அவர் ஒரு நாளின் பெரும்பகுதி நடப்பது வெறுங்காலில், தொங்கும் பாதத்தோடு. டைம்டு அப் அண்ட் கோவை ஏ.எஃப்.ஓ.வோடு ஒருமுறை, வெறுங்காலில் ஒருமுறை செய்து இரண்டு நேரத்தையும் எழுதுங்கள். செருப்பில்லாமல் ஏ.எஃப்.ஓ.வை மட்டும் மாட்டிக்கொண்டு டைல்ஸ் தரையில் நடப்பது வெறுங்காலை விட ஆபத்து. அந்த பிளாஸ்டிக் அடிப்பாகம் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட, பின்வார் வைத்த ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஹவாய் செருப்பு உதவாது. பாதித்த விரல்களால் அந்த வாரைக் கவ்விப் பிடிக்க முடியாது.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை அவர் போகும் வழியை அவரோடு சேர்ந்து நடங்கள், முடிந்தால் விளக்கை அணைத்து ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில். இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறார், அடக்க முடிகிறதா என்று கேளுங்கள். அவசரமும் இருட்டும் தூக்க மாத்திரையும் சேரும் இடம் அது.

பாத்ரூமில்: உள்ளே இறங்கும் படி எத்தனை அங்குலம், தரை காய்கிறதா, வாளியும் மக்கும் எந்தக் கைப்பக்கம், எதைப் பிடித்து உட்கார்கிறார். துண்டு போடும் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் ஒருநாள் அது கழன்று வரும். இந்திய முறைக் கழிப்பறை மீது வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் ஈரத்தில் விரிகின்றனவா என்று உட்கார்ந்து பாருங்கள். கதவு உள்பக்கம் திறப்பதா என்பதும் முக்கியம். கதவுக்குப் பின்னால் விழுந்தவரை அந்தக் கதவைத் தள்ளி யாரும் அடைய முடியாது. தாழ்ப்பாள் போடாமல் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் பொருத்துவது மிகப் பொதுவான தவறு. உள்ளே போகும்போது நல்ல கைக்கு வரும் கைப்பிடி, வெளியே வரும்போது செத்த கைப்பக்கம் போய்விடும். மாடிப்படிக்கும் இதே கதை. ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இறங்குவதில்தான் அபாயம் அதிகம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில் வைக்கிறாரா என்றும் கவனியுங்கள்.

மற்றவற்றை ஓட்டமாகப் பார்க்கலாம்: நிலைப்படி, மிதியடி, தண்ணீர் தெளித்த வாசல், ஒற்றைக் கையால் கட்டி அவிழும் வேட்டி, தரையில் புரளும் நைட்டி, காலைச் சுற்றும் பேரப்பிள்ளைகளும் நாயும். கைத்தடியைக் கவிழ்த்து ரப்பர் குமிழைப் பாருங்கள், தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில், நல்ல கையில்.

வீட்டார் எப்படித் தாங்குகிறார்கள் என்பதும் மதிப்பீட்டில் சேர்ந்தது. பெரும்பாலும் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்பார்கள். சரியான இடத்தில் நின்று பிடிக்க அங்கேயே செய்து காட்டுங்கள்.

8. பயமும் திறனும் பொருந்துகின்றனவா

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை அளக்க எஃப்.இ.எஸ்.-ஐ. என்ற 16 கேள்விப் படிவம் பயன்படும். மதிப்பெண் 16 முதல் 64 வரை, கூடினால் பயம் அதிகம். ஏ.பி.சி. என்ற இன்னொரு படிவம் உண்டு. அதில் பனிக்கட்டி படர்ந்த நடைபாதை, எஸ்கலேட்டர் எல்லாம் வருகின்றன. திருவாரூர்க் கிராமத்தில் அதைக் கேட்டு என்ன பயன்?

பயத்தை 5ஆம் பகுதியின் முடிவுகளோடு வைத்துப் பாருங்கள். திறன் இருந்தும் பயப்படுபவர் நடப்பதைக் குறைத்து, அதனாலேயே கால் வலுவிழப்பார். திறன் குறைந்தும் பயமே இல்லாதவர், குறிப்பாக இடப்பக்கம் பாதித்துத் தன் குறையை உணராதவர், இன்னும் கவலைக்குரியவர். அவரிடம் "கவனமா நடங்க" என்று சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டு அமைப்பையும் கூட இருப்பவரையும் வைத்துத்தான் தடுக்க முடியும்.

9. முடிவை எழுதுதல்

இப்போது அந்த வாக்கியம். கற்பனையான உதாரணம் ஒன்று: 'இடப்பக்கம் பாதித்த 64 வயது ஆண். கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்தார், இரண்டும் விடிகாலை பாத்ரூம் வாசலில், இடப்பக்கமாக. எழுந்து நின்றதும் பி.பி. 24 குறைகிறது. டைம்டு அப் அண்ட் கோ ஏ.எஃப்.ஓ.வோடு 16 விநாடி, வெறுங்காலில் 23. இடப்பக்கம் திரும்ப 7 அடி, கால் ஒட்டுகிறது. பெர்க் 44, பாதித்த காலில் நிற்க முடியவில்லை. பயம் இல்லை.'

இதைப் படித்தாலே வேலைகள் வரிசையாக வருகின்றன. பி.பி. பற்றி மருத்துவருக்குக் கடிதம். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரும் பழக்கம். கட்டிலருகே இரவுக்கு யூரின் பாட்டில். பாத்ரூம் வாசலில் இருபுறமும் கைப்பிடி. இடப்பக்கம் திரும்பும் பயிற்சி. வெறும் 44ஐ வைத்து இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அதிக அபாயம் என்று எழுத மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டாத நிலைகள்: வருடத்தில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் விழுந்தது, விழுந்து காயம்பட்டது, தரையில் ஒரு மணி நேரம் கிடந்தது, மயங்கி விழுந்தது. எலும்பையும் சேர்த்து எழுதுங்கள். பயன்படுத்தாத பக்கத்தில் எலும்பு தேய்ந்திருக்கும், சாய்வதும் அந்தப் பக்கமே என்பதால் பக்கவாதத்துக்குப் பின் இடுப்பெலும்பு முறிவு பெரும்பாலும் பாதித்த பக்கத்தில்தான் வருகிறது.

10. மதிப்பீட்டை நிறுத்தி உடனே அனுப்ப வேண்டியவர்கள்

சில வாரங்களில் திடீரென விழுவது கூடியிருந்தால் அதைப் பழைய பக்கவாதத்தின் மேல் போடாதீர்கள். புதிய பக்கவாதம், வலிப்பு, சிறுநீர்த் தொற்று, மாத்திரை மாற்றம், மண்டைக்குள் ரத்தக் கசிவு ஆகியவற்றை மருத்துவர் பார்த்து விலக்கிய பிறகே சோதனைகள். "எப்படி விழுந்தேன்னே தெரியலை" என்பவரும் அப்படியே. விழுந்து தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமை மருந்து எடுத்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்த பின் காலை ஊன்ற முடியவில்லை, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் நிற்க வைத்துப் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். முகம் கோணல், பேச்சுக் குழறல், புதிதாக ஒரு கை கால் தளர்வு வந்தாலும் அதேதான்.

11. மறுபடி எப்போது

நிலையாக இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்பே செய்ய வேண்டிய சந்தர்ப்பங்கள்: விழுந்த பின், மாத்திரை மாறிய பின், ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பிய பின், ஏ.எஃப்.ஓ. அல்லது தடி மாறிய பின், வீடு மாறிய பின், கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் ஊருக்குப் போய்விட்ட பின். அதே நாற்காலி உயரம், அதே செருப்பு, மாத்திரைக்குப் பின் அதே நேர இடைவெளி.

இடைப்பட்ட நாட்களுக்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். கிழிக்கும் தாளில், விழுந்தால் 'வி', தடுமாறிப் பிடித்தால் 'த', பக்கத்தில் இடமும் நேரமும் எழுதி, அந்தத் தாள்களை மட்டும் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காத வாரத்திலும் ஒரு போன் செய்து கேளுங்கள். கேட்காத வீட்டில் இரண்டாம் மாதமே எழுதுவது நின்றுவிடுகிறது.